ஏப்ரல் 30ஐயும் கலண்டரில் போடுங்கள்

ரொறன்ரோவில் இயங்கும் தமிழ் முதியோர் மன்றங்கள், ஆலய நிர்வாக சபைகள், ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், மற்றும் வீடு விற்பனை முகவர்களுக்கு,

வணக்கம். நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் முதியோர் மன்றத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மேசையில் உட்கார்ந்துகொள்வேன். யாருக்காவது ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வேன், போம் நிரப்பிக் கொடுப்பேன். பென்ஷன் கடிதம், ஹெல்த் கார்ட் புதுப்பிப்பு, ஹைட்ரோ என்கிற மின்சார பில், சில நேரம் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டீசும் வரும். தேத்தண்ணியும் ஒரு வடையும்தான் சம்பளம். இந்தக் கடிதங்களில் என்னை அதிகம் பயப்படுத்துவது மாநகர சபையின் வெற்று வீட்டு வரிக் கடிதம்தான். எங்கள் ஆட்கள் அதை 'வேக்கன்ற் டாக்ஸ்' என்பார்கள். சொல்லிவிட்டு, "அது எங்களுக்கில்லை, நாங்கள் வீட்டில்தானே இருக்கிறோம்" என்று கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

அந்த மடிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

விதி என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோ எல்லைக்குள் வீடு அல்லது கொண்டோ (அடுக்குமாடி வீடு) வைத்திருக்கும் ஒவ்வொருவரும், கடந்த வருடம் அந்த வீட்டில் ஆள் இருந்ததா இல்லையா என்று வருடத்துக்கு ஒருமுறை மாநகர சபைக்கு அறிவிக்க வேண்டும். இப்போது அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. அதே வீட்டில் இருபது வருடமாகக் குடியிருப்பவரும் அறிவிக்க வேண்டும். ஒரு வருடத்தில் மொத்தமாக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் கிடந்தால் அது வெற்று வீடு. அந்த ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுமில்லை. எங்கள் சனத்தை விழுத்துவது இனிச் சொல்லப்போகும் வசனம்தான். அறிவிக்காமல் விட்டால், உள்ளே பத்துப் பேர் இருந்தாலும், அந்த வீடு வெற்று வீடாகவே கணக்கில் எடுக்கப்படும்.

2022ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக இந்த வரி வந்தபோது அது வீட்டின் மதிப்பீட்டில் 1 சதவீதம். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்து 3 சதவீதம். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. வழமையாகக் கட்டும் சொத்து வரியே மதிப்பீட்டில் முக்கால் சதவீதம் அளவுதான் வரும். ஆக, இது ஒரு வருடச் சொத்து வரியைப் போல நான்கு மடங்கு, அதுவும் சொத்து வரிக்கு மேலதிகமாக. மதிப்பீடு 6 இலட்சம் டொலர் என்று இருக்கும் வீட்டுக்கு 18,000 டொலர். ஒரு ஆறுதல், இந்த மதிப்பீடு இன்றைய சந்தை விலை அல்ல. 2016 ஜனவரி 1ஆம் திகதிப் பெறுமதியை வைத்துத்தான் இன்னும் கணக்குப் போடுகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போட்ட மறுமதிப்பீடு பிறகு நடக்கவில்லை. அது நடந்தால் இந்த 18,000 எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதை எனக்குப் படிப்பித்தது என் அக்காவின் வீடு. பிழை முழுக்க என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 கார்த்திகையில் அக்கா குளிருக்குப் பயந்து யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போனா. வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தா. வாரத்துக்கு ஒருமுறை போய் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் வேலை செய்கிறதா, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டதா என்று பார்ப்பேன், பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவேன். கதவடியில் கிடக்கும் கடிதங்களைப் பொறுக்கி, பீட்சாக்கடை விளம்பரம், பல்வைத்தியர் விளம்பரம் எல்லாவற்றோடும் சேர்த்துச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைப்பேன். ஒன்றையும் திறக்கவில்லை. மற்றவர்களின் கடிதத்தைத் திறப்பது மரியாதை இல்லை என்று நினைப்பு. செவ்வாய்க்கிழமை முழுக்க ஊரார் கடிதத்தை வாசிக்கிற எனக்குச் சொந்த அக்காவின் கடிதத்தில் மட்டும் அப்படி ஒரு மரியாதை! அந்த அடுக்குக்குள்தான் மாநகர சபையின் கடிதமும் இருந்தது. அந்த வருடத் தவணை பெப்ரவரி 29ஆம் திகதி, பிறகு மார்ச் 15 வரைக்கும் நீட்டினார்கள். நீட்டியதும் எனக்குத் தெரியாது.

வெற்று வீட்டு வரி பில் வந்த கையோடு கொக்குவிலுக்கு அழைத்தேன்.

"அக்கா, நீங்கள் வீட்டில் இல்லையாம், சிற்றி சொல்லுது."

"இல்லைத்தானே தம்பி. நான் இங்கை நிக்கிறன். அது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எவ்வளவு விளக்கியும் அக்காவுக்கு அது விளங்கவில்லை. குளிருக்குள் ஊருக்குப் போனதற்குத் தண்டம் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தா. உண்மையில் அவ ஊருக்குப் போனதற்கும் பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்காபரோ வீடு அவவின் பிரதான வசிப்பிடம். பிரதான வசிப்பிடத்தைப் பூட்டிவிட்டுக் குளிர்காலத்தில் வெளிநாடு போய்வந்தாலும் அது வெற்று வீடு ஆகாது. ஒரு நிமிட வேலை, ஒரு பதில். அதைப் போடாததற்குத்தான் பில். பிறகு பிந்திய அறிவித்தலைப் போட்டு, அவ அங்கேதான் வசிக்கிறா என்று காட்டியதும் வரியை நீக்கிவிட்டார்கள். அந்த வசந்தத்தில் எங்களைப் போலப் பல்லாயிரக்கணக்கான வீட்டுக்காரருக்குப் பில் போனதையும், மேயர் ஒலிவியா சௌ அது நடந்த விதம் சரியில்லை என்று ஒப்புக்கொண்டதையும், பிந்தியவர்களுக்கு என்று வைத்திருந்த 21 டொலர் 24 சதக் கட்டணத்தைக் கைவிட்டதையும் நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் எங்கள் வானொலிகளிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நடந்த கூச்சலுக்குக் குறைவில்லை. கூச்சல் ஓய்ந்ததும், அடுத்த வருடம் எப்போது அறிவிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்களை நான் பிழை பிடிப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

எங்கள் மூத்தோர் கணக்குத் தெரியாத ஆட்கள் இல்லை. ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்துக்குள் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் பிறந்த திகதி போல நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் முதியோருக்கான வருமானக் குறைநிரப்பு உதவித்தொகை நின்றுபோகும் என்பதும் தெரியும். அதற்கேற்ப ரிக்கெற் போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், இப்போது மூன்றாவதாக ஒரு ஆறு மாதம் வந்து இந்தக் கணக்குகளோடு கலந்துவிட்டது. "ஆறு மாதத்துக்கு முதல் வந்திட்டன், எனக்கு வரி இல்லை" என்று ஒரு ஐயா என் மேசையில் அடித்துச் சொன்னார். அவருக்கு வரி இல்லைத்தான், ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. அவர் எத்தனை நாள் நின்றார் என்பதைவிட அது அவருடைய பிரதான வசிப்பிடமா என்பதும், அதை அவர் எழுதிக் கொடுத்தாரா என்பதும்தான் கேள்வி. மறுபக்கம், பயந்துபோய் யாழ்ப்பாணப் பயணத்தையே பாதியில் முடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும். தங்கையின் பேரப்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது வந்துவிட்டா. ஒன்றுமில்லாததற்கு.

இதையெல்லாம்விடக் கடினம், வீட்டுக்காரர் இறந்துவிட்ட வீடுகள். தகப்பன் போய்விட்டார். வீடு அவர் பேரில். ஒரு மகன் ஏஜக்ஸில், ஒரு மகள் மார்க்கத்தில். விற்பதா, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்குக் காசு கொடுப்பதா என்று அந்தியேட்டி முடிந்த நாளில் இருந்து கதை நடக்கிறது. கடிதங்கள் இறந்தவர் பேருக்கு வருகின்றன. அப்பாவின் பேரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு அதைத் திறக்க மனம் வருவதில்லை. மகன் ஏஜக்ஸ்காரன், மகள் மார்க்கத்துக்காரி. இந்த விதி ரொறன்ரோ எல்லைக்குள் மட்டும்தான், ஏஜக்ஸும் மார்க்கமும் அதற்கு வெளியே என்பதால், அவர்களுடைய சொந்த வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. அவர்களுக்கு இது என்னவென்றே தெரியாது. பதிவான உரிமையாளர் இறந்தால் விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்கு தானாக வந்து கதவைத் தட்டாது. அறிவித்தலில் அதைத் தெரிவுசெய்து, கேட்டால் இறப்புச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதைச் செய்யாமல், துக்கத்துக்குள்ளும் பங்குச் சண்டைக்குள்ளும் வருடத்தைக் கடத்திவிட்டு, பில்லைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். கட்டாத வரிக்கு மாதம் 1.25 சதவீதம் வட்டி வேறு ஏறும்.

பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் அம்மாமாரின் வீடுகளும் இதே கதைதான். வீட்டில் வசித்தவர் வைத்தியசாலையிலோ நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தால் விதிவிலக்குக் கேட்கலாம். அதற்குக் கால எல்லை உண்டு. பிள்ளைகள் அதைக் கேட்கத் தயங்குகிறார்கள். ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு மகள் சொன்னா, "அந்தப் பெட்டியில் டிக் போட்டால் அம்மா இனி வீட்டுக்கு வரமாட்டா என்று நானே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு அங்கிள்." நான் ஒன்றும் சொல்லவில்லை. அவவே கொஞ்ச நேரத்தில் பேனையை எடுத்தா.

சரி, வரியே பிழையா? அப்படி எழுதச் சொல்லித்தான் சிலர் என்னைக் கேட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பேஸ்மென்றில் ஐந்து பெடியன்கள் முறைவைத்துப் படுக்கிற நகரம் இது. படிக்க வந்த பிள்ளைகள் மூன்று பஸ் மாறி வந்து, எங்கள் மன்றத்துச் சுவரில் 'அறை வாடகைக்கு' என்று ஒட்டியிருக்கும் துண்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே நேரம் எங்களில் சிலர், மகளுக்கு என்று வாங்கிய கொண்டோவை மகள் கல்யாணம் கட்டும்வரை பூட்டி வைத்திருக்கிறார்கள். வாடகைக்கு விடுங்களேன் என்றால், "விட்டால் எழுப்ப ஏலாது, வாடகையும் தராங்கள், வழக்குக்குப் போனால் வருடக்கணக்கு" என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் சபையில் நடக்கும் இழுபறியைப் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பயம் விதிவிலக்குப் பட்டியலில் இல்லை. விற்பனைக்குப் போட்டு வைத்திருக்கிறேன் என்பதும் அதில் இல்லை. உரிமை உண்மையில் கைமாறிய வருடத்துக்கு மட்டும்தான் விலக்கு. சொந்தக்காரரே அதில் இருக்கிறார் என்றால் அது அவருடைய பிரதான வசிப்பிடமாக இருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் வந்துபோகிறவர்களுக்கு விட்டுக் காசு பார்ப்பதும் கணக்கில் சேராது.

ஒரு காலத்தில் எல்லாம் தலைகீழாக இருந்தது. சென்னையில் இருந்து வந்து எங்கள் மன்றத்தில் சேர்ந்த ஒரு நண்பர் அந்தக் காலக் கணக்கைச் சொல்வார். அங்கே 1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தில், வீடு 30 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து ஆளில்லாமல் இருந்தால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, கட்டடத்துக்கான வரியில் பாதி வரைக்கும் கழிவு கேட்கலாம். ஆள் இல்லை, வருமானம் இல்லை, ஆகவே வரியைக் குறை என்பது அன்றைய நியாயம். சிங்கப்பூரும் வெறுமையான வீட்டுக்குச் சொத்து வரியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2014 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் வெற்று வீட்டுக்குக் கழிவு கொடுத்த கவுன்சில்கள் 2013இல் இருந்து மேலதிகமாக அறவிடத் தொடங்கின. 2024 ஏப்ரலில் இருந்து, தளபாடம் இல்லாமல் ஒரு வருடம் வெறுமையாகக் கிடந்தாலே இரட்டிப்பு வரி கேட்க அவர்களுக்கு அதிகாரம் வந்துவிட்டது. லண்டன் ஹரோவில் இருக்கும் என் மச்சான் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தொலைபேசி அழைப்பை முடித்தார். கனடாவில் வன்கூவர்தான் 2017இல் தொடங்கி வைத்தது. வீடு ஒருவருக்குச் சொந்தம் என்றாலும், ஒரு தட்டுப்பாட்டு நகரத்தில் அதைப் பூட்டி வைப்பது ஊரின் காரியமும்கூட என்ற எண்ணம் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அதோடு எனக்கு வழக்கில்லை. இங்கே வரும் காசு மலிவு வாடகை வீடுகளுக்குப் போகிறது என்பதும் எனக்கு ஒப்புத்தான்.

சொல்லப்போனால் பூட்டிய வீட்டின் பாடு எங்களுக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீட்டில் நான்குக்குப் பூட்டு. சொந்தக்காரர்கள் இங்கேயும் லண்டனிலும் சுவிஸிலும். கறையான் கூரை வரைக்கும் ஏறிவிட்டது, கிணற்றடியில் நுளம்பு பெருகி டெங்கு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டை. ஊரில் சோலைவரியைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். அந்தச் சோலைவரியையும் பலர் யாரோ ஒரு ஒன்றுவிட்ட தம்பியிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நாங்கள் இங்கே பூட்டிய வீட்டுக்கு வரி என்றதும் துள்ளுவது கொஞ்சம் வேடிக்கைதான். இது இந்த மடலுக்குத் தேவையில்லாத கதை. ஆனாலும் மனதில் கிடந்தது.

அதனால், வெறுமையாக வைத்திருப்பவர் கட்டட்டும். எனக்குக் கவலை, வெறுமையாக வைத்திருக்காதவர் கட்டுவதுதான். அவர்களில் பெரும்பகுதி வயது போனவர்கள். கணினி இல்லாதவர்கள், அல்லது கணினி இருந்தும் மகனின் மின்னஞ்சல் முகவரியில் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு மகனோடு கோபத்தில் இருப்பவர்கள். அவர்கள் மாநகர சபையின் இணையத்தளத்துக்குப் போவதில்லை. உங்களிடம் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருகிறார்கள், மன்றத்துக்கு வருகிறார்கள், ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்குக் கொத்துரொட்டி சாப்பிட வருகிறார்கள்.

ஜனவரி இங்கே தமிழ் மரபுத் திங்கள். நீங்கள் எல்லோரும் பொங்கல் விழா வைக்கிறீர்கள். அதே ஜனவரியில்தான் வருடத்தின் முதல் சொத்து வரி பில்லும் தபாலில் வருகிறது. விழா அழைப்பிதழில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'வரும்போது சொத்து வரி பில்லையும் கொண்டு வாருங்கள்.' அறிவித்தல் போட அதில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் போதும். ஒன்று 19 என்று தொடங்கும் நீளமான மதிப்பீட்டு இலக்கம், மற்றது வாடிக்கையாளர் இலக்கம். மண்டபத்தின் ஒரு மூலையில் இரண்டு கணினியும் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளும் இருந்தால் காணும். தொண்டர் மணித்தியாலம் தேடி அலையும் பிள்ளைகள் உங்களைச் சுற்றித்தானே நிற்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம். வீட்டுக்கு எத்தனை உரிமையாளர் இருந்தாலும் ஒரு அறிவித்தல்தான். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போடத் தேவையில்லை. முடிந்ததும் வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தைக் கட்டாயம் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். தொலைபேசியில் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். அம்மாமார் அதைத் தொலைத்துவிடுவார்கள். கடதாசியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பார்கள்.

மண்டபத்துக்கு வர முடியாதவர்களுக்கு மாநகர சபையின் 311 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சொல்லுங்கள். அங்கே 180க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி கிடைக்கும், தமிழும் உண்டு. தொலைபேசி எடுத்ததும் 'ரமில்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இந்த ஒரு சொல்லைச் சொல்லப் பயந்து மாதக்கணக்காக ஒரு கடிதத்தோடு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எங்களுக்குள் ஒரு புத்திமதி சுற்றுகிறது: "பூட்டின கொண்டோவுக்கு மகன் இருக்கிறான் என்று போட்டுவிடு, யார் வந்து பார்க்கப்போறான்?" வந்து பார்ப்பார்கள். அறிவித்தல்களில் சிலவற்றை எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். மகனின் ஓட்டுநர் உரிமம் எந்த முகவரியில், வருமான வரி எந்த முகவரியில், ஹைட்ரோ பில்லில் எவ்வளவு மின்சாரம் ஓடியிருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். பொய் அறிவித்தலுக்கு 10,000 டொலர் வரை தண்டம் போகலாம், வரி வேறு. தகப்பன் எழுதிய பொய்க்கு மகன் சான்று தேட வேண்டும். உங்கள் மேசையில் உதவி செய்யும் பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள். வந்தவர் சொல்வதைத்தான் நிரப்ப வேண்டும், அவருக்குப் பதில் தயாரித்துக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை என் மேசையிலும் இது நடந்தது. வந்தவர் எனக்கு நெருங்கிய நண்பர். "எழுது, நான் சொல்லுறன்" என்றார். நான் பேனையை மூடி வைத்துவிட்டேன். மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு வாடகைக்கு விட்டுவிட்டார். இப்போது அந்தக் குடியிருப்பாளரின் சமையல் மணத்தைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொல்கிறார்.

மாநகர சபையிடமும் நாங்கள் கேட்க வேண்டியது இருக்கிறது. தனித்தனியாக இல்லை, சங்கங்களாகச் சேர்ந்து. வருடா வருடம் அதே வீட்டில் அதே ஆள், அதே பதில். மூன்று முறை தொடர்ந்து 'என் பிரதான வசிப்பிடம்' என்று அறிவித்த ஒருவரை, அந்த வீடு கைமாறும்வரை, அல்லது அவர் இறக்கும்வரை, மறுபடி கேட்காமல் விட்டால் என்ன? நிலைமை மாறினால் அறிவிக்க வேண்டிய கடமையை அவர்மேல் வையுங்கள். பரிசோதனையை இப்போதுபோலவே நடத்துங்கள். பதில் இல்லை என்றால் வெற்று வீடு என்று தானாக முடிவெடுப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். 85 வயது ஆளுக்கு அந்த விதி சரிப்படாது. கடிதத்தின் முதல் பக்கத்திலேயே, நகரத்தில் அதிகம் பேசப்படும் மொழிகளில் ஒரே ஒரு வசனம் போட்டால் போதும்: 'நீங்கள் இந்த வீட்டில் இருந்தாலும் பதில் அனுப்ப வேண்டும்.' அப்புறம் தவணைத் திகதி. முதல் வருடம் பெப்ரவரியில் வைத்து நீட்டினார்கள், இரண்டாம் வருடமும் பெப்ரவரியில் வைத்து நீட்டினார்கள். 2025இல் ஏப்ரல் 30க்குக் கொண்டுபோனார்கள். அது நல்ல திகதி. குளிருக்கு ஊருக்குப் போனவர்கள் சித்திரை வருடப்பிறப்பு முடித்துத் திரும்பி வந்துவிடுவார்கள். அதை இனி அசைக்காதீர்கள் என்று கேட்போம். குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச இடம் கொடுக்கிறார்கள். ஒரு தமிழ் முதியோர் மன்றத்தில் இருந்தாவது ஒருவர் போய்ப் பேச வேண்டும். நான் வரத் தயார், ஆனால் என் ஆங்கிலம் கணக்குப் புத்தகத்து ஆங்கிலம். உங்களிடம் நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக வீடு விற்பனை முகவர்களுக்கு. உங்களைத்தான் நான் மறக்கவே முடியாது. எங்கள் வீட்டுக் குசினியில் ஒன்று, அக்கா வீட்டில் இரண்டு, பலசரக்குக் கடையில் காசு கொடுக்கும் இடத்தில் ஒரு அடுக்கு என்று எங்கு பார்த்தாலும் உங்கள் படம் போட்ட கலண்டர். வீடு வாங்கும்போது சாவியோடு இனிப்புப் பெட்டியும் தருகிறீர்கள். அந்தப் பெட்டியோடு இந்த விதியையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். வருடத் தொடக்கத்தில் வீடு கைமாறினால், விற்றவர் கடந்த வருடத்துக்கு அறிவித்தல் போட்டுவிட்டாரா என்று வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டாத வரி வீட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், வாங்கியவர் தலையில் வந்து விடியும்.

அடுத்த வருடக் கலண்டர் அச்சுக்குப் போகும் முன் இன்னொரு வேலையும் செய்யுங்கள். அமாவாசை, ஏகாதசி, நல்லூர்க் கொடியேற்றம், இராகுகாலம் எல்லாம் வழுவாமல் போடுகிறீர்கள். மாநகர சபை அறிவிக்கும் திகதியைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் 30 என்ற அந்தக் கட்டத்துக்குள் சிவப்பு மையில் 'வீட்டு அறிவித்தல் கடைசி நாள்' என்றும் போட்டுவிடுங்கள். இடம் காணாவிட்டால் உங்கள் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை மேசையில் இருப்பவன்,
ஸ்காபரோ